பிரதமருக்குக் கைதட்டியவர்கள்

லண்டனில் புதிய பிரதமரின் பெயர் அறிவிக்கப்பட்ட திங்கட்கிழமை மத்தியானம், பாரிஸ் லா சப்பலில் அம்புறோசின் உணவகத்துச் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பூபாலசிங்கத்தின் கைகள், கத்தியைப் போட்டுவிட்டுத் தாமாகத் தட்டத் தொடங்கின. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொதியெண்ணெய் பட்டுவிட்டதாக்கும் என்று முதலாளி அம்புறோஸ் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு கைகளிலிருந்து அப்படி ஒரு சத்தம் வர வழியில்லை. பெரிய மண்டபம் ஒன்றில் சனம் நிறைந்திருந்து தட்டுகிற சத்தம் அது. நடுவில் யாரோ இருமினார்கள். கதிரைகள் இழுபட்டன. ஒரு பெண் மகிழ்ச்சி தாங்காமல் கூவினாள். சமையலறையில் இவர்கள் இருவரையும் பானைகளையும் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. கைகள் ஓய்ந்த பிறகு பூபாலசிங்கம் அவற்றைத் தொட்டுப் பார்த்தார். மீன் பெட்டிக்குள் வைத்து எடுத்ததுபோலக் குளிர்ந்திருந்தன. சோறு அடிப்பிடித்துவிட்டது. அம்புறோஸ் வாடிக்கையாளர்களிடம் காஸ் அடுப்பைக் குறை சொல்லிச் சமாளித்தார்.

அதே நேரத்தில் தெருவின் மறுமுனையில், மரக்கறிக் கடைக் கல்லாவில் இருந்த அஜந்தாவின் கைகளும் தட்டின. முருங்கைக்காய்க் கட்டு ஒரு கிழவரின் காலில் விழுந்தது. சலூன் ஒன்றில் சவரக்கத்தி பறந்துபோய்க் கண்ணாடியில் பட்டது. நல்லவேளை, முகத்தில் படவில்லை. கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்கு நின்ற சிலர் பயணப்பைகளைக் கீழே விட்டுவிட்டுத் தட்டினார்கள். புதன்கிழமை புதிய பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்றபோது கைதட்டல் மறுபடி வந்தது. அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் கைதட்டும் வழக்கமே இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். லா சப்பலில் தட்டினார்கள். அதன் பிறகு அந்த மனிதர் எங்கே வாய் திறந்தாலும் இங்கே கைகள் எழுந்தன.

எங்கள் தெருவில் பிரான்சின் பிரதமர் யாரென்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். லண்டனில் பிரதமர் மாறினால் தேநீர்க் கடையில் இருக்க இடம் கிடைக்காது. எல்லோருக்கும் அங்கே ஒரு மச்சானோ சகலனோ இருப்பதால் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. புதியவர் வியாபாரிகளுக்கு நல்லவர் என்றார் ஒருவர். கட்சிக்காரர் மட்டும் கூடி ஒரு நாட்டுக்கே பிரதமரைத் தெரிவுசெய்வது என்ன நியாயம் என்று கொதித்தார் இன்னொருவர். "ஏன், எங்கடை கோயில் சபைக்கு மட்டும் ஊர் கூடியே தலைவரைத் தெரியினம்?" என்று மூலையிலிருந்து ஒருவர் கேட்டதும், கொதித்தவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

தட்டுகிற கைகளுக்கெல்லாம் பொதுவான ஒருவர் இருக்கிறார் என்பது அந்த வார முடிவில் தெரியவந்தது. லண்டனில் இருக்கும் ஸ்ரீஸ்கந்தராசா, பூபாலசிங்கத்தின் பெரியப்பா மகன். நகரசபைக்கு நிற்கும் ஆசையில் ஆளும் கட்சியில் சேர்ந்தவர். அவர் அரசியல் பழகியது ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தில். அந்தச் சங்கத் தேர்தல்கள் எப்படி நடக்கும் என்று எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. தலைவராக விரும்புகிறவர், தன் சொந்தம், சொந்தத்தின் சொந்தம், வீட்டில் அறை எடுத்திருப்பவர், கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர் என்று எல்லோரையும் முன்கூட்டியே அங்கத்தவர் ஆக்கிவிடுவார். கூட்டத்தன்று கைகள் தானாக உயரும். அந்தக் கட்சியில் சேர அந்த நாட்டுக் குடியுரிமை தேவையில்லை என்று அறிந்த நாளே ஸ்ரீஸ்கந்தராசா பாரிஸ் சொந்தங்கள் வரைக்கும் அதே வேலையைத் தொடங்கிவிட்டார். பிரதமர் பதவிக்குக் கட்சிக்குள் இருவர் போட்டியிட்டபோது, தான் சேர்த்த ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, அவர்கள் பெயரில் தானே வாக்குப் போடச் சம்மதம் கேட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பூபாலசிங்கம் அப்போது ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "உங்களுக்குப் பிடிச்ச ஆளுக்குப் போடுங்கோ அண்ணை, ஆர் வந்தாலும் ஒண்டுதானே" என்று சொன்னார். போட்டியிட்ட இருவரில் ஒருவர் லண்டன் கோயில் திருவிழாவுக்கு வந்து சந்தனம் வைத்துக்கொண்டு, ஸ்ரீஸ்கந்தராசாவின் கையைக் குலுக்கியிருந்தார். அண்ணை எல்லா வாக்குகளையும் அவருக்கே போட்டார், அவரே பிரதமரானார்.

யார் வந்தாலும் ஒன்று என்பது பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் பூபாலசிங்கத்தின் சொந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. அவர் மனைவி சிவனேஸ்வரி வன்னியைச் சேர்ந்தவள். சண்டையின் கடைசி மாதங்களில், தாயைப் புதைக்க நேரமில்லாமல், சின்னஞ்சிறுவனாக இருந்த தம்பி சிவதர்சனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவள். அவன் வளர்ந்து பாரிஸ் வந்து சேர்ந்தான். இங்கே அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். ரப்பர் படகில் கடலைக் கடந்து லண்டன் போய், ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டு மேலறையில் தங்கினான். அங்கேயும் நிராகரித்தார்கள். புதிய பிரதமர் பதவியேற்ற நேரத்தில் அவன் விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தடுப்பு முகாம் ஒன்றில் இருந்தான். புதிய பிரதமரோ, நிராகரிக்கப்பட்டவர்களை விமானம் விமானமாக ஏற்றி அனுப்புவேன் என்று கட்சிக்காரருக்கு வாக்குக் கொடுத்து வென்றவர். அவன் திரும்பிப்போனால் என்ன நடக்கும் என்று சிவனேஸ்வரியிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. அவள் அதை நினைத்துக்கொண்டுதான் விடிய எழும்பினாள், அதை நினைத்துக்கொண்டுதான் றொய்சி விமான நிலையத்தடியில் ஹோட்டல் அறைகளைத் துடைத்தாள்.

பூபாலசிங்கம் வீட்டில் சொல்லவில்லை. பயந்தார் என்பதே உண்மை. வீட்டில் இருக்கும்போது ஏதாவது ஒன்றை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார். பிரதமர் பேசுவார் என்று தெரிந்த நேரங்களில் குப்பை கொட்டப் போனார். உணவகத்தில் அம்புறோஸ் அவருக்கு வழி ஒன்று கண்டுபிடித்திருந்தார்: அந்த நேரங்களில் உள்ளங்கைகளுக்கு நடுவில் மா உருண்டைகளை வைத்துவிடுவார், கைகள் தட்டித் தட்டி ரொட்டியாக்கின. தெருவில் அதற்குப் பிரதமர் ரொட்டி என்று பெயர் வைத்தார்கள். சாப்பிட்ட ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடித்தபோது உள்ளே யாரோ மெல்ல இருமியது கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த ரொட்டியைச் சுடச்சுடச் சாப்பிடுவதே நல்லது என்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிறு பின்னேரம் சிவனேஸ்வரி தம்பியோடு பேசிக்கொண்டிருந்தாள். முகாமில் கமரா இல்லாத போன்தான் கொடுப்பார்கள். குரல் மட்டும் வரும். பூபாலசிங்கம் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவினார். பிரதமர் அந்த நேரத்தில் எங்கோ ஒரு பேட்டிக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. தேங்காய்ப் பாதி உருண்டு போயிற்று. கைகள் எழுந்தன. வீடு மண்டபத்துச் சத்தத்தால் நிறைந்தது. போனுக்குள்ளும் அதே சத்தம் கேட்டது. அங்கே போன் தரையில் விழுந்து தொடர்பு அறுந்தது. சிவனேஸ்வரி, தன் வீட்டுச் சத்தம்தான் அங்கே போய்த் திரும்பி வருகிறது என்று நினைத்தாள். தெருவில் பேசிக்கொண்ட கதை அவளுக்கும் தெரியும். வாக்குப் போடச் சம்மதித்தவர்களின் கைகள்தான் தட்டுகின்றன என்றும் தெரியும். ஓயும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"நீங்களும் போட்டனீங்களோ?"

"அண்ணை கேட்டவர். போடுங்கோ எண்டு சொன்னன்."

"ஆருக்கு எண்டு கேட்டனீங்களோ?"

பூபாலசிங்கம் கேட்கவில்லை என்றார். அவ்வளவுதான் அவர்கள் பேசியது. அன்றிலிருந்து அவள் அவரோடு கதைக்கவில்லை. சமைத்து வைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், அவருடைய மருந்துகளை மேசையில் எடுத்து வைத்தாள். ஒரு சொல் கொடுக்கவில்லை. அவர் லண்டனுக்குப் போன் எடுத்துத் தன்னைக் கட்சியிலிருந்து நீக்கச் சொன்னார். நீக்கினார்கள். கைகள் அதைக் கணக்கிலெடுக்கவில்லை. போட்ட வாக்கு போட்டதுதானே என்று ஸ்ரீஸ்கந்தராசா விளக்கினார். விமானக் கதையெல்லாம் தேர்தலுக்குச் சொல்லுறது, ஒண்டும் நடவாது என்றும் தேறுதல் சொன்னார். அவருடைய கைகளும் தட்டிக்கொண்டுதான் இருந்தன. அவருக்கு அது பெருமையாக இருந்ததால் வருத்தம் தெரியவில்லை. கட்சி அவரை நகரசபைக்கு நிறுத்தவில்லை. பூபாலசிங்கம் பிள்ளையார் கோயிலில் காப்புக் கட்டினார். அடுத்த பேச்சில் நூல் அறுந்து விழுந்தது.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, இருவரும் வேலைக்குப் புறப்பட நின்றபோது கைகள் எழுந்தன. எந்தச் செய்தியிலும் அன்று பேச்சு என்று சொல்லியிருக்கவில்லை. வழக்கமான தட்டலாகவும் இருக்கவில்லை. சப்பாத்துப் போடக் குனிந்திருந்த பூபாலசிங்கத்தின் முழங்கால்கள் தாமாக நிமிர்ந்தன. அவர் நெஞ்சை நிமிர்த்தி எழுந்து நின்று, கன்னத்தில் கண்ணீர் வழிய, தட்டினார். அந்தக் காலையில் லா சப்பலில் தட்டிய எல்லோருமே எழுந்து நின்றார்கள். அஜந்தா கல்லாவின் பின்னால், இன்னொருவர் குளியல் தொட்டியில். மண்டபத்தில் சீட்டி அடித்தார்கள், தரையை உதைத்தார்கள். நீண்ட நேரம் நடந்தது. சிவனேஸ்வரி சுவரில் சாய்ந்தபடி கணவனின் கைகளைப் பார்த்தாள். முதல் விமானம் புறப்பட்டுவிட்டது என்பது அவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது. வானொலி அதற்குப் பிறகுதான் சொன்னது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய சிவதர்சனை விசாரணைக்கென்று இருத்தி வைத்தார்கள். சிவனேஸ்வரிக்கு அந்த நாட்களில் தண்ணீரும் இறங்கவில்லை. பிறகு விட்டார்கள், விசுவமடுவில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். உயிரோடிருக்கிறான் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அவனைத் தேடிச் சீருடை இல்லாத ஆட்கள் அடிக்கடி வந்து போனார்கள் என்று சித்தி சொன்னாள். போன் எடுத்தால் குரல் மட்டும் கொடுப்பான். முகத்தைக் காட்டடா என்றால், இஞ்சை நெட் சரியில்லை அக்கா என்பான். லா சப்பலில் மாரி போய்க் கோடை வந்தது. தட்டுகிறவர்களுக்கு மெத்ரோவில் ஒரு கம்பியைக் கட்டிப்பிடித்து நிற்கப் பழகிவிட்டது. ஷார்லோத் என்ற டாக்டர் எல்லோருடைய கைகளையும் சோதித்து, நரம்புகளில் குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் குளிராக இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார். பிரதமர் செல்வாக்கு இழந்து வருவதாகப் பத்திரிகைகள் எழுதின. கைதட்டல் குறையவில்லை.

இலையுதிர் காலம் தொடங்கிய ஒரு புதன்கிழமை சிவதர்சன் தானாகவே வீடியோவில் வந்தான். மெலிந்திருந்தான். கைகள் இரண்டையும் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தான். சிவனேஸ்வரி அவன் முகத்தையே பார்த்து அழுதுகொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. பூபாலசிங்கம் குசினி வாசலில், வரலாமா வேண்டாமா என்று நின்றார். லண்டனில் கட்சியின் வருடாந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரதமர் மேடைக்கு ஏறினார். குசினி வாசலில் கைகள் எழுந்தன. திரையில் சிவதர்சனின் தோள்கள் துடித்தன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தான். முடியவில்லை. அவனுடைய கைகளும் வெளியே வந்து தட்டின. லா கூர்னெவிலும் விசுவமடுவிலும் ஒரே மண்டபம், ஒரே தாளம், ஒரே இருமல்.

"என்னட்டையும் கேட்டவர் அக்கா," என்றான் அவன், சத்தத்துக்கு மேலாகக் கத்தி. "அவற்ர வீட்டிலை இருந்து, அவற்ர சோத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, என்னெண்டு மாட்டன் எண்டுறது? போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

பிறகு, "பிளேனிலை விலங்கு போட்டிருந்தவங்கள். அது ஒரு வகையிலை நல்லதாப் போச்சு" என்றான். சட்டைக் கைகள் விலகியபோது, அவன் மணிக்கட்டுகளைச் சுற்றிக் காயம் ஆறிய கோடுகள் தெரிந்தன. விமானம் எழும்பியபோது, பூட்டிய விலங்குக்குள் அவன் கைகள் ஒன்றையொன்று தேடியிருக்கின்றன.

சிவனேஸ்வரி போனை மேசையில் கறிவேப்பிலைப் போத்தலில் சாய்த்து வைத்தாள். எழுந்துபோய்க் கணவனின் தோளைப் பிடித்து அழைத்து வந்து, தம்பிக்குத் தெரியும்படி கதிரையில் இருத்தினாள். நடுவில் தான் இருந்தாள். அவளுடைய கைகள் மட்டும் மடியில் சும்மா கிடந்தன. பிரதமர் அன்று நீளமாகப் பேசினார். மூவரும் காத்திருந்தார்கள். ஓய்ந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒருமுறை திரையையும் ஒருமுறை பக்கத்தையும் பார்த்து, "ரெண்டு பேரும் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.