ஒன்றும் போடாத குடுவை

ஒன்றும் போடாத குடுவையில் எப்படி வேலை நடக்கும்? திங்கட்கிழமை தொடக்கம் என் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான்.

என் ஆய்வு ஒரு கறுப்புத் தூளைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத இரும்பு ஒக்சைட்டு மணிகள், மேலே கொஞ்சம் பலேடியம்; வேலையைச் செய்வது அந்த உலோகம்தான். இரண்டு சேர்வைகளின் காபன்களை அது பிணைத்துவிடும். வேலை முடிந்ததும் குடுவைக்கு வெளியே காந்தத்தைப் பிடித்தால் தூள் ஒரு பக்கம் ஒதுங்கும். கரைசலை ஊற்றிவிட்டு அதே தூளைத் திரும்பப் பாவிக்கலாம். பத்துத் தரம் பாவித்தும் விளைவு குறையவில்லை என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை கையளிக்க வேண்டும். என் பேராசிரியர் சோமசேகரம் அந்தப் பத்தைத் திருகோணமலை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

கடைசியாக, கடமைக்கு, தூளே போடாமல் ஒரு தரம் செய்து பார்த்தேன். கரைசலில் ஒரு துளியைச் சோதனைத் தட்டில் வைத்து யூ.வி. விளக்கின் கீழ் பார்த்தால், தூள் இல்லாமல் வரவே கூடாத விளைபொருளின் புள்ளி பளிச்சென்று நின்றது.

வழமைபோல் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆய்வுகூட உதவியாளர் இன்ஷாப் நானாவிடம் பாய்ந்தேன்.

"நானா, குடுவைய ஒழுங்காக் கழுவினீங்களா?"

"மூணு தரம் கழுவினனான், தங்கச்சி. உங்களுக்குப் பயந்து நாலாந்தரமும்."

புதுக் குடுவை எடுத்தேன். புள்ளி. புது இரசாயனப் போத்தல் திறந்தேன். திரும்பவும் புள்ளி. ஜின்னின் வேலையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இரசாயனம் படித்தவள் நினைக்கக்கூடாத நினைப்பு. ஜன்னலுக்கு அப்பால் துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்தது, இறக்கியது, போனது. நான் அதே இடத்தில் ஒன்றும் விளங்காமல் நின்றேன்.

புதன் பின்னேரம் நானா கேட்டார்: "எல்லாத்தையும் மாத்திட்டீங்க. உள்ளுக்குச் சுத்துறத மாத்தினீங்களா?"

மாற்றவில்லை. கரைசலைக் கலக்கக் குடுவைக்குள் சுழலும் அந்தச் சின்னக் காந்தத் துண்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்தது, எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். தூள் அதிலும் ஒட்டும். பலேடியம் ஆனைவிலை. ஒரு சிட்டிகையும் வீணாகக் கூடாதென்று ஒவ்வொரு தரமும் கரண்டியால் சுரண்டினேன். பிளாஸ்டிக் எல்லாம் கீறல். கீறல்களுக்குள் பலேடியம்.

மூதூரில் தன் மகள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கேட்டு, நானா புதுத் துண்டொன்று கொண்டுவந்தார். அதை வைத்துத் தூள் போடாமல் செய்தேன். தட்டு வெறுமை. பிறகு புதிதாகச் செய்த தூளோடு: முதல் தரம் நல்ல விளைவு, இரண்டாம் தரம் பாதி, மூன்றாம் தரம் கொஞ்சம், நான்காம் தரம் ஒன்றுமேயில்லை. பத்து வரை இழுத்துப் போனது தூள் இல்லை, கீறல். அழுகை வந்தது. அழுதேன்.

வெள்ளி காலை நானாவையும் கூட்டிக்கொண்டு போய், ஆய்வேட்டையும் பழைய துண்டையும் பேராசிரியரின் மேசையில் வைத்தேன்.

"இதக் குடுக்கிறதா, கிழிக்கிறதா எண்டே விளங்கல்ல, சேர்."

அவர் பூதக்கண்ணாடியால் துண்டை நெடுநேரம் பார்த்தார்.

"இன்ஷாப், இது எப்ப இங்க வந்தது?"

"நீங்கதானே கொண்டுவந்தீங்க, சேர். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்."

எனக்குப் பயமாக இருந்தது.

"இவ்வளவு கீறலும் உங்கட இல்ல, ரிஸ்லா" என்றார் பேராசிரியர்.

எழுந்து அலுமாரியைத் திறந்தார். இதே துண்டைச் சுழலவிட்டு எழுதிய, அவரைப் பேராசிரியராக்கிய பழைய பலேடியம் கட்டுரையை எடுத்து என் ஆய்வேட்டின் மேல் வைத்தார்.

"நீங்க மூண்டு தரம் எண்டே எழுதுங்கோ. அந்தப் புதுத் துண்டை எனக்குத் தாங்கோ."