பிந்தி விழுந்த கைத்தட்டல்

கை தட்டுவதில்கூடத் தப்பு பண்ண முடியுமா என்று கேட்காதீர்கள். பேஷாக முடியும். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஊரையே ஆட்டி வைத்த ஒரு டிஸ்கோ பாட்டின் ஒலிப்பதிவில் அக்காவும் தங்கையும் கை தட்டினார்கள். இரண்டாவது சரணம் முடியும் இடத்தில் ஒரே ஒரு தட்டு இம்மி பிந்தி விழுந்தது. "யாரு அது?" என்று இசையமைப்பாளர் எரிந்து விழுந்தார். "நான்தான் சார்" என்று தங்கை தலையைக் குனிந்தாள். திரும்ப எடுக்க நேரமில்லை, பாட்டு அப்படியே வெளிவந்தது. அதற்கப்புறம் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். தங்கை துணிக்கடையில் பொத்தான் தைத்தே காலத்தை ஓட்டினாள்.

அக்கா சும்மா இருந்தாளா? வீட்டுக்கு யார் வந்தாலும், "கை தட்டச் சொன்னா அதுக்கும் துப்பில்லாதவ இவ" என்று ஆரம்பித்துவிடுவாள். தங்கை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. போன வருஷம் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அந்தப் பாட்டுக்கு நாலு புது ரீமிக்ஸ் வந்திருக்கிறது. ஒன்றில், பிந்தி விழுந்த அந்தத் தட்டையே எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தாள் ஒரு பெண். இளசுகள் அதற்குத்தான் குதித்தார்கள். கேட்ட அன்றே அக்கா அந்தப் பெண்ணின் ஸ்டூடியோவுக்கு ஓடினாள்.

"அது என் தங்கச்சி தட்டினது. அவ பேரைப் போடும்மா. உயிரோட இருந்தப்ப திட்டித் தீர்த்தேன், இதையாவது செய்யறேன்."

"தாராளமாப் போடலாம்மா. பழைய டேப்புல ரெண்டு பேருக்கும் தனித்தனி மைக். கேக்கறீங்களா?"

அக்கா ஹெட்போனை மாட்டினாள். முதலில், "அக்கா, தண்ணி குடிச்சியா?" என்றது தங்கையின் குரல். ஐயோ, என்ன இளமை! பிறகு தட்டல்கள். கடைசிவரை ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இது சரியா இருக்கே?"

"இன்னொரு மைக்கைக் கேளுங்க."

"குடிச்சேன்டி, சும்மா இரு" என்றது அக்காவின் குரலேதான். சரணம் முடியும் இடம் வந்தது. தட்டு பிந்தியது.

பாட்டு பதிவான அந்த வாரம்தான், இன்னொரு தப்பு வந்தால் வரவே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். கையில் குழந்தை, புருஷன் விட்டுப்போய் மூன்று மாசம். எல்லாம் தங்கைக்குத் தெரியும். தன் கை பிசகவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் "நான்தான் சார்" என்றிருக்கிறாள், பாவி மகள்.

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. கண்ணீர் முகவாயில் சொட்டியது.

"அப்ப யார் பேரைப் போடட்டும்மா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"என் பேரைப் போடு. அவ ஒழுங்காத்தான் தட்டினான்னு ஊருக்கே தெரியட்டும்." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "ஊருக்கு நீ சொல்லிடுவே. அவகிட்ட நான் எப்படிம்மா சொல்லுவேன்?"