மொம்பாசாவில் கூடத் திரிந்தவள்

புருசனின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது மற்றப் பெண்களெல்லாம் அழுதார்கள். சபூறா மட்டும் ஜன்னல் சீலையை விரலால் விலக்கி, முற்றத்தில் நின்ற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் வேலிக்கரையில், தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்ற மாயாண்டியைக் கண்டாள். வந்துவிட்டான். இனிப் பரவாயில்லை என்று ஜன்னலை விட்டுத் தள்ளி வந்து, அவளும் புருசனுக்காக அழத் தொடங்கினாள்.

மஹ்றூப் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. நித்திரையிலேயே போய்விட்டார். நோய் என்று ஒன்றும் இருக்கவில்லை. முதல் நாள் பின்னேரம்கூட முற்றத்துக் கதிரையில் இருந்து பக்கத்து வீட்டாருக்கு மொம்பாசாக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர்.

அந்தக் கதைதான் சபூறாவுக்குத் தொண்டையில் முள். இயக்கம் முஸ்லிம்களை விரட்டியதில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் அவள் பிள்ளையோடு கிடந்த காலத்தில், மனுசன் ஆபிரிக்கக் கரையில் மொம்பாசாத் துறைமுகத்துத் தேயிலைக் கிட்டங்கியில் வேலை செய்தார். லீவு நாட்களில் ஊர் பார்க்கப் போவார். போர்த்துக்கேயன் கட்டிய கடற்கோட்டை, காட்டுக்குள் இடிந்து கிடக்கிற கெடி என்ற பழைய நகரம், கழுதைகள் திரிகிற லாமுத் தீவு, கடல் வற்றும்போது பாறைக் குழிகளுக்குள் மீன் தெரிகிற கரை. சமாதானம் வந்து சொந்த ஊரான நீராவிப்பிட்டிக்குத் திரும்பிய பிறகு அவருக்கு வேறு பேச்சே இல்லை.

பார்த்துவிட்டு வரட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அந்தக் கதைகளுக்குள் ஒருத்தி இருந்தாள். கெடியில், இடிந்த பள்ளிவாசலின் கிணற்றடியில், கால் நோவு ஆறும்வரை இருந்ததாம். யாருக்குக் கால் நோவு? மஹ்றூப் ஒட்டுசுட்டான்வரை நடந்தே போகிற மனுசன். லாமுவின் சந்துகளில் கழுதை வந்தால் சுவரோரம் ஒதுங்க வேண்டுமாம், பயமாம். மாட்டுக்கொம்பைப் பிடித்து வளர்ந்தவருக்குக் கழுதையில் என்ன பயம்? கோட்டையில் வெயில் தாங்காமல் பாதியில் இறங்கி இளநீர் குடித்ததாம். இளநீரை அவர் தொடவே மாட்டார். கூட ஒரு பெண் திரிந்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்கச் சபூறாவுக்கு நேரம் எடுக்கவில்லை.

கூட வந்தது யார் என்று ஒரு தடவை கேட்டாள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது. மேலே கேட்கப் பயம், கேட்டால் சொல்லிவிடுவார். உயரமானவளோ கட்டையோ, சபூறா அவளுக்கு எத்தனை முகம் வைத்துப் பார்த்திருப்பாள்! எந்த முகம் வைத்தாலும் தன்னைவிட வடிவாகத்தான் வந்து நின்றாள், மூதேவி. கதை தொடங்கினாலே சபூறா குசினிக்குள் போய்விடுவாள். நேற்றும் போனாள். வந்து பக்கத்தில் இருக்கச் சொல்லி அவர் கூப்பிட்டார். அவள் சட்டியை இன்னும் பலமாக உரஞ்சினாள்.

மாயாண்டி அதே கிட்டங்கியில் தேயிலை பொதி செய்தவன். மலைநாட்டுக்காரன், இப்போது புளியங்குளத்தில் தோட்டம் செய்கிறான். அவனுக்குத் தெரியாமல் இருக்காது. இன்றைக்கு விட்டால் பிறகு வழியில்லை, நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வீட்டுக்குள் இருக்கிறவள் வாசலைத் தாண்டி யாரைத் தேடிப் போவது? அந்நிய ஆணின் முகத்தைப் பார்க்கவே கூடாது.

அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பியதும் அவனைக் கூப்பிடச் சொன்னாள். மஹ்றூப்பின் தங்கை ஸாஜிதாவுக்கு முகம் கறுத்தது. மையத்து அடக்கிய கையோடு அந்நிய ஆம்பிளையோடு என்ன கதை என்று கேட்டாள். மஹ்றூப் அவனிடம் நம்பிக் கொடுத்துவைத்த அமானிதம் ஒன்றைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றாள் சபூறா. வாய் கூசாமல் வந்த பொய். அமானிதம் என்ற பிறகு ஸாஜிதாவால் மறிக்க முடியவில்லை. அறை வாசலில் வெள்ளைச் சீலையை இரட்டையாக மடித்துக் கட்டிவிட்டுத்தான் அப்பால் போனாள். மகள் நிஹ்லாவைச் சபூறா தேத்தண்ணி போட அனுப்பினாள்.

சீலைக்கு அந்தப் பக்கம் மாயாண்டி செருமினான்.

"மாயாண்டி, மறைக்காமச் சொல்லுங்கோ. அங்க அவரோட ஊர் பாக்கப் போனவள் ஆர்?"



"நான்தாங்க்கா போனேன். மஹ்றூப் நானாவும் நானும் மட்டுந்தான்."

"அப்ப கால் நொந்தது ஆருக்கு?"

"அதுங்களா..." அவன் குரல் இறங்கியது. "உங்களுக்குத்தாங்க."

நடந்துகொண்டிருக்கும்போதே மஹ்றூப் நின்றுவிடுவாராம். சபூறா வந்திருந்தால் இதற்குள் கால் நோகுது என்றிருப்பாள் என்று சொல்லிக் கிணற்றுக் கட்டில் இருந்துவிடுவாராம். அக்காதான் வரவில்லையே என்று இவன் சொன்னாலும் எழும்பமாட்டாராம். கழுதை வந்தால், அவள் பயந்துவிடுவாள் என்று சுவரோரம் ஒதுங்குவாராம். ஒரே ஒரு இளநீர் வாங்கி, அவளுடையது என்று இவனைக் குடிக்கச் சொல்வாராம். மனுசனுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று மாயாண்டி முதலில் பயந்திருக்கிறான்.

"பெறகு பழகிருச்சுங்க. நானே கேப்பேன், அக்காவுக்குக் கால் ஆறிருச்சா, போவமான்னு."

கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவன் போனான். சபூறா சீலையைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அந்தச் சபூறா எல்லாம் பார்த்திருக்கிறாள். கோட்டையில் ஏறியிருக்கிறாள், தீவுக்குப் போயிருக்கிறாள். அவளுக்குக் கால் நொந்தபோதெல்லாம் ஒருவர் பக்கத்தில் காத்திருந்திருக்கிறார். இவளோ அந்த நேரம் முகாமில் தண்ணீர் பவுசர் லொறிக்கு வாளியோடு வரிசையில் நின்றாள். கொடுத்துவைத்தவள் என்று நினைத்தபோது, வேறொருத்தியைப் பற்றி நினைப்பதுபோலவே இருந்தது.

நிஹ்லா தேத்தண்ணியோடு வந்து, அமானிதம் என்னவாம் என்று விசாரித்தாள். சபூறா பாயில் போய் இருந்தாள்.

"வாப்பா உனக்கு மொம்பாசாக் கதையெல்லாம் சொன்னவரோ?"

"ஓம் உம்மா, எனக்கு எல்லாம் பாடம். நீங்கதான் கேக்கிறேல்ல."

"முதல்ல எங்க போனவையாம்?"

"கோட்டைக்கு."

சபூறா சற்று ஒதுங்கி, மகளுக்குப் பாயில் இடம் விட்டாள்.

"சொல்லு," என்றாள். "அவசரப்படாம, ஆறுதலாச் சொல்லு."

நிஹ்லா தேத்தண்ணியை நிலத்தில் வைத்துவிட்டு, கோட்டை வாசலில் இருந்து தொடங்கினாள்.