யாருக்காகக் காத்திருக்கிறது

கரண்ட் போய் நாலு நிமிடமாகிறது. பரிசோதனைக்கூடத்தின் பின்னறையில் நஸீறா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெறுபேறுகளெல்லாம் சேமித்திருக்கும் சேவர் கணினியை நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தாயிற்று. 'நிறுத்தப்படுகிறது, காத்திருக்கவும்' என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் புள்ளிகள்தான் கூடிக்கொண்டு போயின. யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அது வாய் திறந்து சொல்லாது.

ஜெனரேற்றர் பழுது. சேவரின் பற்றரி இன்னும் பத்து நிமிடம் தாங்கும். அதற்குள் சேவர் ஒழுங்காக அணையாவிட்டால் காலையிலிருந்து பதிந்த எண்பத்து மூன்று பேரின் இரத்தப் பெறுபேறுகளும் போனாலும் போய்விடும். அதில் பாதிப்பேர் பனிச்சங்கேணிப் பக்கமிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வந்தவர்கள்.

சேவருக்குள் இணைந்திருப்பவர்கள் எல்லாரும் வெளியேறினால்தான் அது தானாக அணையும். அணைக்க இன்னொரு வழியும் உண்டு. உள்ளே இருப்பவர்களின் இணைப்பை வெட்டிவிட்டு உடனே அணைப்பது. எழுதி முடிக்காதது மட்டும்தான் போகும். போன வருடம் அவள் அப்படி வெட்டியதில் முகாமையாளர் முத்தலிப் பாதி தட்டியிருந்த மருந்துப் பட்டியல் அழிந்துவிட்டது. 'எவரையும் வெட்டக் கூடாது. மீறினால் வேலை இல்லை' என்று அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துச் சேவருக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார். நஸீறாவுக்கு ஒப்பந்த வேலை. அடுத்த மாதம்தான் நிரந்தரமாக வேண்டும்.

இரத்தம் எடுக்கும் சர்மிளா ஓடி வந்தாள்.

"அஞ்சு கொம்பியூட்டரும் செத்துப்போய்க் கிடக்குகா. ஒருத்தரும் உள்ளுக்கு இல்ல."

"அப்ப இது யாரப் பாத்துட்டு இரிக்கி? முத்தலிப் சேர்ட அறை?"

"பூட்டிட்டு ஜும்ஆவுக்குப் போயிட்டாரு. போனும் ஓஃப்."

யார் இருக்கிறார்கள் என்று சேவருக்குள் புகுந்து பார்க்கவும் வழியில்லை. அணையத் தொடங்கிய சேவர் புதிதாக ஒருவரையும் விடாது, நிர்வாகியான அவளையும்தான்.

"வெட்டிருகா. நான் சாட்சி சொல்றன்."

"நீ சாட்சி சொன்னா என்ட வேலையத் திருப்பித் தருவாங்களா?"

பற்றரி கீச்சிடத் தொடங்கியது. நஸீறா வெட்டும் விசையில் விரலை வைத்தாள், சுவரிலிருந்த தாளைப் பார்த்தாள், விரலை எடுத்துவிட்டாள். பயம்தான், வேறொன்றுமில்லை. திரை இருண்டது.

தொழுகை முடிந்து வந்த முத்தலிப் அறையைத் திறந்தார். மேசையில் அவருடைய மடிக்கணினி தன் பற்றரியில் விழித்துக்கொண்டிருந்தது. சேவருக்குள் பாதி தட்டிய படிவம் அப்படியே திறந்து கிடந்தது.

"மூட மறந்துட்டன் போல" என்று மூடிவைத்தார்.

கரண்ட் வந்ததும் சேவர் எழும்பியது. காலைப் பெறுபேறுகள் எழும்பவில்லை. பின்னேரம் முழுக்க நஸீறா வரவேற்புப் புத்தகத்தைப் பார்த்து எண்பத்து மூன்று பேருக்கும் போன் எடுத்து, மறுபடி வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள். கிடைத்த ஏச்சையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முத்தலிப் பின்னறைக்கே வந்து கடிதத்தை நீட்டினார். அவசர நேரத்தில் வெட்டி அணைக்காத கவனயீனத்துக்கு விளக்கம் கேட்டிருந்தது.

"பற்றரி முடியுதெண்டா வெட்டுறதுதானே புள்ள? இதையும் சொல்லித் தரணுமா?"

"நீங்கதானே சேர் வெட்டக் கூடாதெண்டு எழுதி..."

அவள் சுவரைக் காட்டத் திரும்பினாள். நாலு மூலையிலும் ஒட்டுநாடாத் துண்டுகள் இருந்தன. நடுவில் தாளளவுக்குச் சுவர் வெள்ளையாக இருந்தது.