பீரோ சாவிக்கும் மெலியாத கெளுத்தி

மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வையாளர் சாராள். எந்த அறையில் எந்தத் துண்டு குறைகிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். ஆனால் தன் வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது மட்டும் அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

தொட்டியில் நான்கு குட்டைக் கெளுத்திகள். விரல் நீளம்கூட இருக்காது. மீசையை ஆட்டி ஆட்டி மணலை மோந்துகொண்டே திரியும். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் ஒன்று வயிறு முட்டி, நேராக உட்கார முடியாமல், கரையில் இழுத்துப் போட்ட படகு மாதிரி சாய்ந்து கிடந்தது. மற்றவையும் கொழுகொழுவென்றுதான் இருந்தன.

"இன்னாங்க, ஓடியாங்க! மீனு சாஞ்சிக்கினு கீது!"

அவள் கணவன் பூபாலன், சுற்றுலா வேன் ஓட்டுகிறவன், வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தான். "இப்பதானே தீனி போட்டேன். நல்லா துன்னுச்சே!"

"நீங்களுமா? காலைல எழுந்ததும் நான் போட்டேனே!"

உள்ளேயிருந்து அவன் தங்கை ஜெனிட்டா தலையை நீட்டினாள். "அண்ணி, நான் ஆபீஸ் வுட்டு வந்ததும் டெய்லி ரெண்டு தீனி மாத்திரை போடுவேன். பாவம், பசிக்குமேன்னு."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாய்ந்து கிடந்த மீனை மட்டும் மேலேயிருந்து படமெடுத்து, கேளம்பாக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் பிரதீபாவுக்கு அனுப்பினாள் ஜெனிட்டா. அடுத்த நிமிடமே போன் வந்தது.

"தொண்டைலேர்ந்தே உப்பிக்கினு கீது பாரு, அது கொழுப்பு. இன்னா போட்டு வளக்குறீங்க, பிரியாணியா? ரெண்டு நாளு பட்டினி. அப்பால ஒரு நாள் வுட்டு ஒரு நாள், நாலுக்கும் சேத்து ஒரே மாத்திரை. இல்லன்னா செத்துடும்!"

செத்துடும் என்றதும் சாராள் எழுந்தாள். தீனி டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை ஓட்டல் சாவிக்கொத்தோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மூன்று வாரத்தில் சாய்ந்து கிடந்தது நேராக உட்கார்ந்தது. இன்னும் இரண்டு இளைத்துச் சுறுசுறுப்பாக ஓடின. நாலாவது மட்டும் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனது. சாராளுக்குச் சந்தேகம் ஒரே ஆள் மேல்தான்.

"ஒளிச்சி வச்சி போடுறீங்களா?"

"பைபிள எடுத்தாந்து குடு, அது மேல கைய வச்சி சொல்றேன்! போட்டா போட்டேன்னு சொல்ல மாட்டனா?" பூபாலனுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் வீட்டில் நாஸ்தாகூடத் தொடவில்லை.

மூன்றாம் நாள் பகல் முழுக்கக் கடலிலிருந்து மழை வந்து கொட்டியது. சாயந்திரம் சாராள் தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு, சில்லென்ற புதுத் தண்ணீரை ஊற்றினாள். காலையில் டீ போட எழுந்தவள் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இளைத்த மூன்றும் குண்டு மீனை விரட்டு விரட்டென்று விரட்டிக்கொண்டிருந்தன. குண்டு மீன், விரட்டியவற்றில் ஒன்றின் வயிற்றில் வாயை ஒட்டி ஒரு கணம் நின்றது. பிறகு விசுக்கென்று மேலே பாய்ந்து கண்ணாடியில் உரசியது. உரசிய இடத்தில் ஜவ்வரிசி போல நான்கு மணிகள்!

"முட்டைங்க! அது கொழுப்பே இல்ல, முட்டை!"

பூபாலன் போர்வையில் கால் சிக்கித் தடுக்கி விழுந்து எழுந்து வந்தான். ஜெனிட்டா வீடியோ காலில் பிரதீபாவைப் பிடித்தாள். பிரதீபா அங்கிருந்தே கத்தினாள்: "சில்லு தண்ணி பட்டா மழைன்னு நெனச்சி முட்டை வுடும். வேடிக்கை பாத்துக்கினு நிக்காதீங்க! வுட்டா அதுங்களே துன்னுடும். சொரண்டி வேற டப்பாவுல போட்டு காத்து குழாய வுடுங்க!"

ஜெனிட்டா ஆபீஸ் அடையாள அட்டையால் சுரண்ட, சாராள் உள்ளங்கையில் வாங்க, பூபாலன் ஐஸ்கிரீம் டப்பாவை ஏந்தினான். ஒரு பக்கம் எடுக்க எடுக்க மறுபக்கம் மீன் ஒட்டிக்கொண்டே போனது. அறுபத்து மூன்று! மூவரின் முழங்கை வரை தண்ணீர்.

"உங்கள போயி சந்தேகப்பட்டுட்டேங்க," என்றாள் சாராள்.

"அத அப்பால பேசிக்கலாம். கைய ஆட்டாத, முட்டை வுழுந்துடப் போவுது," என்றான் பூபாலன். சொல்லும்போதே சிரித்துவிட்டான்.

ஐந்தாம் நாள் பூபாலன் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கிறவர்களை ஏற்றிப் போயிருந்தான். சாராள் அரை நாள் லீவு போட்டு டப்பாவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதலில் ஒன்று துடித்தது. கண்ணிமை முடிக்கு வால் முளைத்தது போல ஒரு குஞ்சு! பக்கத்தில் இன்னொன்று. உடனே பூபாலனுக்குப் போன் போட்டாள்.

"எத்தினி?" என்று கத்தினான் பூபாலன்.

"இருபத்திரெண்டு! இன்னும் வந்துகினே கீதுங்க!"

அவன் வண்டியிலிருந்தவர்களிடம் ஏதோ சொல்வது கேட்டது. அடுத்த நொடி, முன்பின் தெரியாத பத்துப் பேர் கைதட்டும் சத்தம் போனில் வந்தது. சாராள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.