இரண்டு விநாடி

ஆய்வுக்கூடத்தில் அவளைக் குழிவெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாகத் தொடங்கியது, பெயராகவே நிலைத்துவிட்டது. மலையைச் சுற்றி இருபத்திரண்டு இடங்களில் நில அதிர்வுக் கருவிகளைப் புதைத்தவள் அவள்தான். இடுப்பளவு குழி, அடியில் சிமெண்ட் தளம், அதன்மேல் கருவி, பக்கத்தில் பேட்டரிப் பெட்டி. முனைவர் பட்டம் வாங்கியபின் கிடைத்த இரண்டு வருட ஒப்பந்த வேலையில் பாதி நாள் கடப்பாரையும் கையுமாகவே போயிற்று. மீதி நாள் அந்தக் கருவிகள் கொடுத்த பதிவுகளோடு.

மூன்றாவது வருடமும் நீட்டித்துத் தருவதாகப் பேராசிரியர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் வேறெங்கும் விண்ணப்பிக்காமல் இருந்தாள். ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா. நீ களப்பணிக்குன்னே பொறந்தவ. ஆனா இனிமே கணக்குப் போடுற ஆள்தான் வேணும்."

"இவ்வளவு நாள் கணக்கும் நான்தானே சார் போட்டேன்?"

"அதெல்லாம் ஆரம்ப வேலைம்மா. மனசுல வச்சுக்காத. நல்ல பரிந்துரைக் கடிதம் தர்றேன்."

அவள் இடத்துக்கு ஓர் இளைஞன் வந்தான். பேராசிரியர் போகிற இடமெல்லாம் அவனைக் கூட்டிக்கொண்டு போனதால் அவனுக்குச் செல்லப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். அவள் தன் கடைசி நாளில் கருவிகள் இருக்கும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் காட்டிக் கொடுத்துவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பதினோரு இடத்துக்கு விண்ணப்பித்தாள். நேர்காணல் வரை போய் எல்லாமே கைநழுவியது. பன்னிரண்டாவது இடத்தின் தேர்வுக் குழுவில் அவளோடு படித்த தோழி ஒருத்தி இருந்தாள். மனசு கேட்காமல் போனில் சொல்லிவிட்டாள்.

"உன் சார் எழுதுனதைப் படிக்கிறேன், கேளு. 'கடின உழைப்பாளி. கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்வார். சொந்தமாகச் சிந்திக்க வேண்டிய பொறுப்புகளுக்கு இவரைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.' இதுக்கு மேல யாருடி உன்னை எடுப்பாங்க?"

போனை வைத்தபின் அவள் அழவில்லை. காதுமடல் இரண்டும் நெருப்பாகக் கொதித்தன. அவ்வளவுதான்.

அக்கா வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தாள். அக்கா செவிலி. அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தரும் தற்காலிக வேலை கிடைத்தது. "பூமிக்கடியில முப்பது கிலோமீட்டர் தெரியுது, மேசை மேல இருக்குற கண்ணாடி தெரியலையா?" என்று அத்தான் சீண்டுவார். அவளும் சிரித்து வைப்பாள். ஆனால் பல் துலக்கும்போதும், பேருந்துக்கு நிற்கும்போதும் அந்தக் கடிதத்தின் மூன்று வரிகள் மனப்பாடப் பாட்டு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய ஆய்விதழ் ஒன்றிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு கட்டுரையைப் படித்து மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். திறந்து பார்த்தாள். அவள் குழி வெட்டிய அதே மலை. முதல் பெயர் செல்லப்பிள்ளையுடையது, கடைசிப் பெயர் பேராசிரியருடையது. நன்றிப் பட்டியலில்கூட அவள் பெயரைக் காணோம். மலையின் மேற்குப் பக்கத்தின் அடியில் உருகிய பாறை தேங்கி நிற்கிறது என்பதுதான் அவர்கள் கண்டுபிடிப்பு.

படத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அங்கே வேலை பார்த்தபோதே மேற்குச் சரிவில் மூன்று கருவிகளுக்குச் சரியான நேரத்தைக் கொண்டுவரும் கம்பியை எலி கடித்துப்போட்டிருந்தது. செயற்கைக்கோளோடு தொடர்பு அறுந்து, அந்த மூன்றின் கடிகாரமும் தன்னிஷ்டத்துக்கு வேகமாக ஓடி, ஆறு மாதத்தில் ஏறக்குறைய இரண்டு விநாடி முந்திவிட்டது. அதனால் வந்துசேரும் அதிர்வலையெல்லாம் தாமதமாக வந்ததுபோல் பதிவாகும். தாமதம் என்றால் வழியில் இளகிய பாறை இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்து, திருத்தக் கணக்கும் போட்டு, அப்போதே பேராசிரியருக்கு அனுப்பியிருந்தாள். பழைய மடிக்கணினியில் தேடி எடுத்தாள். "கிடைத்தது. பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் போட்ட பதிலும் பத்திரமாக இருந்தது.

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. மலையடியில் உருகிய பாறையும் இல்லை.

"ஒரு வரி எழுதிப் போட்டா போதும்க்கா, திருத்திக்குவாங்க" என்றாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எழுதிட வேண்டியதுதானே?"

"எழுதினா அவர் தப்பிச்சிடுவார்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் ஆய்விதழுக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதினாள். 'இக்குழுவில் முன்பு பணியாற்றியவள் என்பதால் இக்கட்டுரையை மதிப்பிடுவது முறையாகாது.' யாரும் விரல் நீட்டிக் குறை சொல்ல முடியாத பதில். அனுப்பிவிட்டுத் தேநீர் குடித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு தேநீர் ருசித்தது.

கட்டுரை வெளிவந்தது. பேராசிரியர் தொலைக்காட்சியில் மலைப் படத்துக்கு முன்னால் நின்று பேசினார். பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கும் ஆய்வு மையத்துக்கு அவரையே இயக்குநர் ஆக்கினார்கள். இன்னும் உயரட்டும், விழும்போது சத்தம் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். மலை வெடித்துவிடும் என்று அடிவார ஊரில் சிலர் பயந்துபோய் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று செய்தியில் படித்தாள். இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவுசெய்தாள். கட்டுரையோடு மூலப் பதிவுகளையும் வெளியிட வேண்டும் என்பது விதி. அவற்றை இறக்கி, தன் திருத்தத்தைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். உருகிய பாறை மாயமாய் மறைந்தது.

அடுத்த மாதம் வருடாந்திர மாநாடு. பேராசிரியர் பேசி முடித்ததும் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அவள் நடுவரிசையில் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"மேற்குச் சரிவுல மூணு கருவியோட கடிகாரம் வேகமா ஓடுச்சு. அதைத் திருத்தினீங்களா சார்?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "பதிவுகளைச் சரிபார்த்தது எங்க இளம் ஆய்வாளர். அவர்தான் சொல்லணும்."

முன்வரிசையில் இருந்த செல்லப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது. அவனுக்கு எதுவுமே தெரியாது என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

"அவர்கிட்ட ஏன் சார் கேக்குறீங்க? நான் உங்களுக்குத்தானே அனுப்பினேன்" என்று சொல்லி, தேதியையும் தன் மின்னஞ்சலையும் அவர் பதிலையும் நிதானமாகப் படித்தாள். பிறகு தன் படத்தைத் திரையில் போட அமர்வுத் தலைவரிடம் அனுமதி கேட்டாள். இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்றில் சிவப்புக் குளம். மற்றதில் வெறும் பாறை.

பேராசிரியர் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். அந்த ஒரு காட்சிக்காகவே இவ்வளவு காலமும் பிழைத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. மேடையிலிருந்து அவர் இறங்கிய ஒவ்வொரு படியையும் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

வெளியே நடைவழியில் செல்லப்பிள்ளை அவளுக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, கட்டுரையை மதிப்பிட உங்க பேரைச் சிபாரிசு பண்ணது நான்தான்."

அவள் நின்றுவிட்டாள்.

"அந்தக் கருவிங்களை உங்களைவிட யாருக்கும் தெரியாது. தப்பு இருந்தா சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். முறையில்லைன்னு மறுத்துட்டாங்கன்னு இதழாசிரியர் எழுதினாரு. சரி, அவ்வளவு நேர்மையானவங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." அவன் குரல் உயரவே இல்லை. "அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவர் விழணும்னு இருந்தேன்."

"நானும் சேர்ந்துல்ல விழுந்தேன்" என்று சொல்லிவிட்டு அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

இரண்டு மாதத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பேராசிரியர் உடல்நிலையைக் காரணம் காட்டி இயக்குநர் பதவியை விட்டார். விட வைத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். அந்த அறிவிப்பை அவள் காலைச் சாப்பாட்டின்போது மூன்று தடவை படித்தாள்.

"திருப்தியா இப்போ?" என்று அக்கா கேட்டாள்.

"ரொம்ப" என்றாள். பொய் சொல்லவில்லை.

சரியான முடிவை எழுதி வெளியிட வேண்டியிருந்தது. செல்லப்பிள்ளைக்கு எழுதினாள். முதல் பெயர் அவனுடையதாகவே இருக்கட்டும், சேர்ந்து எழுதலாம் என்றாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'என் பெயர் எங்கேயும் வேண்டாம். வரைபட நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டேன்.'

கட்டுரையைத் தனியாகவே எழுதினாள். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பேராசிரியரை நினைக்கும்போது இன்றைக்கும் அவளுக்கு இனிக்கும். செல்லப்பிள்ளையின் நினைவு வந்தால் மட்டும் எழுந்து ஏதாவது வேலை பார்ப்பாள்.