பின்கதவை அடைத்த பொதிகள்

விடியும்போதே வெயில் வெறிபிடித்து வந்தது. பஞ்சுக் கழிவுக் குடோனின் முற்றத்தில், இரும்புக் கொக்கியைப் பொதியில் குத்தி இழுத்துக்கொண்டிருந்தாள் வாயாடி. பெற்றவர்கள் வைத்த பேரை அங்கே யாரும் கேட்டதில்லை. மூச்சை இழுத்தால் பஞ்சுத் தூசி தொண்டையில் போய் அப்பிக்கொண்டது. உள்ளே அவள் புருஷனும் கொழுந்தனும் பொதி அழுத்தும் மெஷினை ஓட்டினார்கள்.

"அண்ணி, உங்க வாய்க்கு ஒரு கதவு போடணும்," என்று காலையிலேயே வம்புக்கு இழுத்தான் கொழுந்தன்.

"முதல்ல உன் வாயில பூட்டைப் போடுடா!"

வாட்ச்மேன் அறை ரேடியோ வானிலை வாசித்தது. பகலில் கடும் வெப்பம், வறண்ட காற்று, தீப்பிடிக்கும் அபாயம், இரவிலிருந்து கனமழை. முதலாளி காதில் மழை மட்டும்தான் விழுந்தது.

"வெளிய கிடக்கிறதெல்லாம் பொழுது சாயறதுக்குள்ள உள்ள போகணும். மெஷின் நிக்கக் கூடாது."

"உச்சி வெயில்ல நிறுத்தி ஆற விடுறதுதானே வழக்கம்? மோட்டார் இப்பவே கொதிக்குதுங்க," என்றான் புருஷன்.

"சரக்கு நனைஞ்சா உங்கப்பனா குடுப்பான்?"

"தீப்பிடிக்கும்னும் ரேடியோ சொல்லிச்சே," என்றாள் வாயாடி.

"அது காட்டுக்குச் சொன்னது. வேலையைப் பாரு."

அட, ஒரே வாய் சொன்ன சேதியில் பாதி வேதவாக்கு, பாதி புரளி!

குடோன் கூரைவரை நிரம்பியது. பின்கதவை ஒட்டித்தான் கொஞ்சம் இடம் மிச்சம். "அங்கயும் அடுக்குங்க," என்றான் சூப்பர்வைசர். லோடுமேன்களோடு சேர்ந்து அவளும் அடுக்கினாள். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் போய்ப் படுக்கலாம் என்ற நினைப்புதான்.

உச்சிப்பொழுதில் மோட்டார் வெடித்தது. பஞ்சுக்குத் தீப்பற்றச் சொல்லியா தர வேண்டும்? கண் இமைக்கும் நேரத்தில் முன்வாசல் முழுக்க நெருப்பு.

அவள் கொக்கியோடு பின்பக்கம் ஓடினாள். கதவை வெளியே இழுத்துத் திறந்தால், உள்ளே சுவர் மாதிரி பொதிகள். அந்தச் சுவருக்கு அப்பால் இருந்து, "அண்ணீ! அண்ணீ!" என்று கத்தினான் கொழுந்தன்.

"வந்துட்டேன்டா!" குத்தினாள், இழுத்தாள், மறுபடி குத்தினாள். சூப்பர்வைசர் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "விடுடி, செத்துருவ!" அவள் கொக்கியை அவன் முகத்துக்கு நேரே வீசினாள். அவன் விலகி ஓடினான். லோடுமேன்கள் ஓடி வந்து அவளோடு சேர்ந்து இழுத்தார்கள். கிடைத்த சந்து வழியே புருஷன் தவழ்ந்து வந்து விழுந்தான். முழங்கைவரை தோல் உரிந்து தொங்கியது. கொழுந்தன் குரல் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

"நானே அடுக்கினேனே பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

புருஷனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். தீயை அணைத்த பிறகு எடுத்த கொழுந்தன் உடல் முற்றத்தில் சாக்குக்கு அடியில் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"போனது போச்சு. எரியாத மிச்சத்தை ரெண்டாவது குடோன்ல திணிங்க. அங்க பின்கதவுப் பொதிகளுக்கு மேல இன்னும் இடம் இருக்கும்."

வாயாடி எழுந்து, கொக்கியை எடுத்துக்கொண்டு இரண்டாவது குடோனுக்குள் போனாள். லோடுமேன்கள் பின்னாலேயே போனார்கள். முதலாளிக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் பொதி உள்ளேயிருந்து முற்றத்தில் வந்து விழுந்தது. அடுத்து இன்னொன்று.

"ஏய்! வெளியவா தள்ளுறீங்க? மழை வருதுடி!"

"வரட்டும். இங்கயும் பின்கதவை அடைச்சுத்தானே வெச்சிருக்கோம். அது திறக்காம இனி ஒருத்தரும் உள்ள வேலை செய்யமாட்டோம்."

சூப்பர்வைசர் இரும்புக் கம்பியால் அவள் தோளில் அடித்தான். எலும்பே விட்டுப்போன மாதிரி வலி. மறுபடி ஓங்கியபோது கம்பி இறங்கவில்லை. நாலைந்து கைகள் அதைப் பற்றியிருந்தன. முறுக்கிப் பிடுங்கி வீசினார்கள்.

"போலீசைக் கூப்பிடுவேன்! நாளைக்கு ஒருத்தனுக்கும் இங்க வேலை கிடையாது!" என்று கத்தினான் முதலாளி.

"கூப்பிடுங்க. அவங்க வந்து எங்களை வண்டியில ஏத்தறப்ப இந்தக் கதவு திறந்திருக்கும்," என்றாள் வாயாடி. கொக்கியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். "இன்னும் மூணு வரிசைதான். இழுங்கப்பா!"